அந்த விமானத்துக்குக் கிட்டப் போனது நானல்ல

மகனே,

உனக்கு என் ஸலாம். உன் உம்மாவும் சொல்லச் சொன்னாள். பயிற்சி முடிந்து நீ சீருடையோடு வெளியே வருகிற நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் இன்று கடையைப் பகலோடு மூடிவிட்டு, மிளகு மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிற இந்த மேசையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை நீ ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. உன் தங்கைக்கும் மாமியின் பிள்ளைகளுக்கும் இதையே படியெடுத்துக் கொடுக்கப்போகிறேன். நான் சொன்ன பொய்யை எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னேன். உண்மையையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

நீ நடக்கப் பழகிய காலத்திலிருந்து நான் உனக்குச் சொல்லிவந்த கதை ஒன்று இருக்கிறது. எங்கள் வெங்காயத் தோட்டத்துப் பக்கத்தில் விழுந்த விமானம், தலைகீழாகத் தொங்கிய பைலட், பெல்ட்டை அறுத்து அவரை வெளியே இழுத்தெடுத்த ஒன்பது வயதுப் பையன். விமானம் விழுந்தது உண்மை. பைலட் உண்மை. பெல்ட்டை அறுத்ததும் உண்மை. ஆனால் அறுத்தது நானல்ல. உன் மாமி, எனக்கு மூத்தவள், என் ராத்தா. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் ஓடிப்போய் ஒளிந்திருந்தேன்.

எழுதிவிட்டேன். இவ்வளவு சிறிய விஷயத்தை எழுத நாற்பத்தேழு வருடம் எடுத்திருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாயே, அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. புகை அறைக்குள் உங்களை விட்டார்கள் என்றாய். கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு போய் உள்ளே கிடக்கிற பொம்மையை ஆளென்று நினைத்து இழுத்து வர வேண்டும். நீ பாதி வழியில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டாய். புதன்கிழமை இன்னொரு சந்தர்ப்பம் தருவார்கள், ஆனால் நீ பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரப்போவதாகச் சொன்னாய். பிறகு சொன்னாய்: "நீங்க ஒம்பது வயசுல செஞ்சத எனக்கு இருபத்திநாலு வயசுல செய்ய ஏலல்ல வாப்பா. நான் உங்கள மாதிரி இல்ல." இந்த வேலையை நீ ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்குத் தெரியும். நேர்முகத் தேர்வில் என் கதையைத்தான் சொன்னதாக நீயே சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாய். விமான நிலையத்துத் தீயணைப்புப் படையில் சேர்ந்த நீ, என் பொய்யைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனவன். இப்போது அந்தப் பொய்யே உன்னைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. நீ என்னை மாதிரி இல்லை என்று சொன்னபோது எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பாதியில் ஓடிவந்த விஷயத்தில் நீ என்னை அப்படியே உரித்துவைத்திருந்தாய். ஆனால் அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. "யோசிச்சி செய் மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்த நாளை இப்போது சரியாகச் சொல்கிறேன். நாங்கள் அப்போது மாத்தளை டவுனில் இல்லை என்று உனக்குத் தெரியும். தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் நடுவில் என் வாப்பாவுக்குக் குத்தகைக்கு ஒரு காணி இருந்தது. பெரிய வெங்காயம் போடுவோம். அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி சிறிய விமானங்கள் இறங்குகிற ஓடுபாதை. கிழமைக்கு இரண்டோ மூன்றோதான் வரும். பள்ளிக்கூட விடுமுறை. வெங்காயத்தைப் பிடுங்கி வயலிலேயே காயப் போட்டிருந்தோம். லொறி பேச வாப்பா தம்புள்ளைக்குப் போயிருந்தார். என் உம்மா வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். நானும் ராத்தாவும் மாடு வராமல் பார்த்துக்கொண்டு, காய்ந்த வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தோம். விமானச் சத்தத்துக்கு நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம், பழகிப்போன சத்தம். அன்றைக்கு எங்களை நிமிர வைத்தது சத்தம் நின்றதுதான். இருமுவது போல இரண்டு தரம், பிறகு ஒன்றுமில்லை. ஒரு சிறிய வெள்ளை விமானம் பாலை மரத்தின் உச்சியை உரசுகிற மாதிரி இறங்கி வந்தது. பக்கத்துக் காணி பண்டா மாமாவுடையது, அந்தப் போகம் சும்மா கிடந்தது. அதில் சக்கரம் பட்டு, குதித்து ஓடி, வரப்பில் இடித்து, அப்படியே முதுகுப்புறமாகக் கவிழ்ந்தது. படத்தில் வருவது போல வெடிக்கவில்லை. புழுதிதான். புழுதி அடங்கியபோது மூக்குப் பக்கத்திலிருந்து புகை வந்தது. காய்ந்த புல் மெல்லியதாகப் பிடிக்கத் தொடங்கியது. பெற்றோல் நாற்றம் எங்கள் வயல்வரை வந்தது.

ராத்தா எழுந்து நின்றாள். நான் ஓடினேன். விமானத்தின் பக்கமாக இல்லை. கிணற்றடியில் தண்ணீர் பம்ப் வைத்திருக்கிற தகரக் கொட்டில் ஒன்று இருந்தது. அதற்குள் போய், பம்புக்குப் பின்னால் குந்தி, கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொண்டேன். உனக்கு நான் சொன்ன கதையில் இந்தக் கொட்டில் வரவே வராது. அதற்குள் எண்ணெயும் ஈர மண்ணும் கலந்த நாற்றம். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ஒன்று மட்டும் தெரியும், இதுதான் எழுதக் கஷ்டமானது. காதைப் பொத்தியிருந்தும் ராத்தா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. இரண்டு மூன்று தரம் கூப்பிட்டாள். நான் எழும்பவில்லை.

பிறகு கொட்டில் கதவைத் திறந்தது அவள்தான். தலையில் முக்காடு இல்லை. முகமெல்லாம் கரி. ஒரு பக்கச் சட்டைக் கை முழங்கையில் எரிந்து, தோல் சிவந்திருந்தது. அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். "வெளிய வா" என்றாள். "அந்தாள் வரம்புக்கிட்ட கிடக்கிறார், உசுரோட. ஆக்கள் வாறாங்க. நீ போய் அவர்க்கிட்ட நில்லு. என்ட தலைல ஒண்ணும் இல்ல, நான் வீட்டுக்குப் போறேன்." நான் போய் நின்றேன். பைலட் வரப்போரம் ஒருக்களித்துக் கிடந்தார். அவருடைய தொடையில் ராத்தாவின் நீல முக்காடு இறுக்கிக் கட்டியிருந்தது. பண்டா மாமாவும் இன்னும் நாலைந்து பேரும் ஓடி வந்து, சாக்கால் அடித்தும் மண்ணைப் போட்டும் நெருப்பை அணைத்தார்கள். பண்டா மாமா என்னைப் பார்த்தார், பைலட்டைப் பார்த்தார், அறுந்த பெல்ட்டைப் பார்த்தார். "நீயா மகன் இவர இழுத்தெடுத்த?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன முதல் பொய். வாய்கூடத் திறக்கவில்லை. அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பைலட்டை ட்ரக்டரில் ஏற்றித் தம்புள்ளைக்குக் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் வாப்பா வந்தார். வழியெல்லாம் ஆட்கள் அவரை மறித்து உங்கள் மகன் ஓர் உயிரைக் காப்பாற்றினான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அப்படிச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளே ராத்தாவின் முழங்கைக்கு உம்மா மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். வாப்பா அந்தக் கையைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். என் கையில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு சொன்னார்: "கொமருப் புள்ள அந்நிய ஆம்புளையக் கட்டித் தூக்கினாள்ண்டு நாளைக்கு ஊர் பேசும். அவள்ட வாழ்க்கைக்குத்தான் அது கேடு. இது இந்த வீட்டோட இருக்கட்டும்." ராத்தா தலையைக் குனிந்துகொண்டாள். உன் மூத்தவாப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதே மகனே. அந்தக் காயத்துக்கு மூன்று கிழமை அவரேதான் காலையும் மாலையும் மருந்து கட்டினார். ஊருக்குப் பயந்தார். நாங்கள் எல்லாரும் எதற்கோ பயந்துகொண்டுதான் இருந்தோம்.

பைலட் அந்த வருடக் கடைசியில், ஊன்றுகோலோடு எங்கள் வீடு தேடி வந்தார். கொழும்பில் இருக்கிற சிங்களவர், நல்ல மனுஷன். வான் வண்டி ஒன்றின் மேல் புதிய சைக்கிள் ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தேநீர் குடித்துக்கொண்டே வாப்பாவிடம் கேட்டார்: "எனக்கு எதுவும் தெளிவா ஞாபகம் இல்ல. ஆனா வளையல் சத்தம் ஒண்டு கேட்டிச்சி. அங்க ஒரு நங்கி, சின்னப் பொண்ணு ஒருத்தியும் இருந்தாளா?" வாப்பா, "இல்ல மாத்தயா, இந்த மகன்தான்" என்றார். பைலட் என்னைப் பார்த்தார். பிறகு உள்வாசலில் தொங்குகிற திரையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ராத்தா நிற்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் அந்தத் திரையைப் பார்த்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில், "பொஹொம ஸ்தூதி" என்று சொன்னார். மிகவும் நன்றி என்று. சொல்லிவிட்டு என் தலையைத் தடவி, சைக்கிளை என்னிடம் கொடுத்தார்.

அந்தச் சைக்கிளைப் பற்றி உனக்கு எத்தனையோ தரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லாததை இப்போது சொல்கிறேன். பள்ளிக்கூடம் மூன்று மைல் தூரம். நான் முன்னால் ஓட்டிக்கொண்டு போவேன், ராத்தா பின்னால் நடந்து வருவாள். அவள் வந்து சேரும்போது முதல் பாடம் பாதி முடிந்திருக்கும். "ராத்தாவ ஏத்திட்டுப் போயேன்" என்று உம்மா பல தரம் சொன்னாள். பையன்கள் சிரிப்பார்கள் என்று நான் மறுத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். தூரம், வயதுக்கு வந்த பிள்ளை தனியாக நடந்து போகிறாள் என்று காரணம் சொன்னார்கள். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதலாவது. அவள் சம்பாதித்த சைக்கிள் அது. அதன் பின்னால் அவளுக்கு ஓர் இடம் கொடுத்திருந்தால் அந்தத் தூரம் தூரமாகவே இருந்திராது. எனக்கு வயது பதினொன்று, எனக்கு என்ன தெரியும் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியும் மகனே. தெரிந்துதான் வேகமாக மிதித்தேன்.

பொய் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அது சும்மா இருக்காது. ராத்தாவின் கல்யாணத்தன்று மச்சான் என்னிடம், "நீங்கதானாமே அந்தப் பைலட்டக் காப்பாத்தின" என்று கேட்டார். புது மாப்பிள்ளைக்கு முன்னால் நான் முழுக் கதையையும் சொன்னேன், அவள் பக்கத்து அறையில் மணப்பெண்ணாக இருக்க. பிறகு நீ பிறந்தாய். மூன்று வயதில் என் மடியில் ஏறி, "பிளேன் கதை சொல்லுங்க வாப்பா" என்பாய். ஒவ்வொரு தரமும் நெருப்பு கொஞ்சம் பெரிதானது. ஒரு நாள் நீ கேட்டாய்: "பயந்தீங்களா வாப்பா?" நான் இல்லை என்றேன். மற்றப் பொய்களெல்லாம் ஊருக்காக, வாப்பாவுக்காக என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். இந்தப் பொய்யை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. உனக்கு நான் செய்த கெடுதி இதுதான். பயம் வந்தால் தனக்குத் தைரியம் இல்லை என்று நம்புகிற ஒரு பிள்ளையை வளர்த்துவிட்டேன்.

நீ போன் எடுத்ததற்கு அடுத்த நாள் நான் மாமி இருக்கிற பல்லேபொலைக்குப் பஸ் ஏறினேன். உன் உம்மாவிடம் மிளகு பார்க்கப் போவதாகச் சொன்னேன். மாமி வீட்டுக்குப் பின்னால், நிழல் வலைக்குக் கீழே, பைகளில் மண் நிரப்பி மிளகுக் கொடி நட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பது வயதில் அவள் அந்த நாற்றுமேடையை நடத்துகிற விதம் உனக்குத் தெரியும். எந்தப் பை எப்போது நட்டது, எது யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்காமலே சொல்வாள். நான் ஒரு பலகையில் உட்கார்ந்து, நீ சொன்னதைச் சொன்னேன். பிறகு, "ராத்தா, அந்தப் பிளேன் விஷயத்துல நான் உனக்கு அநியாயம் செஞ்சிட்டேன்" என்றேன். அவள் கையில் இருந்த பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருஷத்துக்குப் பொறகா?" என்றாள்.

"ஓ" என்று ஒப்புக்கொண்டேன்.

"சரி, சொல்லு" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டில், அவள் கூப்பிட்டது கேட்டும் வராதது, தலையாட்டியது, சைக்கிள், பள்ளிக்கூடம். முடித்ததும், சைக்கிளில் தொடங்கினாள். "அந்தச் சைக்கிள்ல நான் ஓடல்லண்டு ஒனக்கு யார் சொன்ன? வெள்ளிக்கிழம நீயும் வாப்பாவும் ஜும்ஆத் தொழுகைக்குப் போனா, ஒரு மணித்தியாலம் சைக்கிள் என்ட. குளக்கட்டு வரைக்கும் போய் வருவேன். உம்மா வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருப்பாங்க, யாரும் வந்தா கைதட்டுவாங்க." எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, சனிக்கிழமைகளில் சில்லில் சேறு இருக்கும். அயல்வீட்டுப் பிள்ளைகள் யாரோ எடுத்திருப்பார்கள் என்று நான் அவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் அவள் முகம் மாறியது. "படிப்பு வேற கத. அது எனக்கு இப்பவும் நோவுதான். அதுக்கு நீ மட்டும் காரணம் இல்ல, ஆனா நீயும்தான்" என்றாள். நான் தலையாட்டினேன். இந்த முறை தலையாட்டியது உண்மைக்கு.

பிறகு நான் கேட்டேன், முதல் தடவையாக: "அண்டைக்கு என்ன நடந்திச்சி ராத்தா?" நாற்பத்தேழு வருடம் அந்தக் கதையைச் சொல்லித் திரிந்தவன் நான். என்ன நடந்தது என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நானும் ஓடத்தான் பாத்தேன். அந்தாள் கத்தின சத்தத்துலதான் நிண்டேன். முதல் தரம் போனேன், பாதி வழில அந்த எண்ணெய் நாத்தத்துக்குத் திரும்பி ஓடி வந்துட்டேன். ரெண்டாவது தரம் கிட்டப் போயிட்டேன். அவர்ட கண் தலைகீழா என்னப் பாத்திச்சி. அதுக்குப் பயந்து திரும்பவும் வரப்பு வரைக்கும் ஓடி வந்தேன். உம்மாவக் கூப்பிட்டேன், உன்னக் கூப்பிட்டேன். அழுதேன். மூணாவது தரம் அழுதுகொண்டேதான் போனேன். கலிமா சொல்லிட்டுப் போகலாம்ண்டு பாத்தா, அதுவும் பாதில மறந்து போச்சி. வெங்காயத் தாள் அரிஞ்ச கத்தி கைலதான் இருந்திச்சி, அது அங்க போன பொறகுதான் எனக்கே தெரியும். பெல்ட்ட அறுத்தேன். அவர் பொத்தெண்டு விழுந்தார். அவர் கையால தவழ்ந்தார், நான் சட்டையப் புடிச்சி இழுத்தேன். அவ்வளவுதான். வீட்டுக்குப் போற வழில நான் சத்தி எடுத்தேன், தெரியுமா?"

அவள் வாந்தி எடுத்தது எனக்குத் தெரியாது. ஏன் இதை யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். வாப்பா உயிரோடு இருந்தவரை, அவர் மவுத்தாகும்வரை அவருக்காகச் சொல்லவில்லை என்றாள். "பொறகு சொல்லலாம்ண்டு இருந்தேன். ஒரு நோன்புப் பெருநாளைக்கு உன்ட வீட்டுக்கு வந்தப்ப, மகன் உன்ட மடில இருந்துகொண்டு வாயப் பொளந்து அந்தக் கதையக் கேட்டுக்கொண்டிருந்தான். அதக் கெடுக்க மனம் வரல்ல." உண்மையை உன்னிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, "அது பொறகு. புதன்கிழமைக்கு முந்தி அவனுக்கு வேண்டியது வேற. போனத் தா" என்றாள்.

அவள் உன்னோடு என்ன பேசினாள் என்று உனக்குத் தெரியும். "அண்டைக்கு அந்தப் பிளேனுக்குக் கிட்டப் போன ஆள் ரெண்டு தரம் திரும்பி ஓடி வந்துதான் மூணாவது தரம் போன. நான் கண்ணால கண்ட. நீ ஒரு தரம்தானே ஓடி வந்திருக்கிற. போ, திரும்பிப் போ." நீ போனாய். புதன்கிழமை பின்னேரம் போன் எடுத்து, பொம்மையை வெளியே இழுத்து வந்துவிட்டேன் வாப்பா என்று சொன்னபோது கடையில் நான் அழுதேன். அப்போது நீ கேட்டாய்: "நீங்களும் ரெண்டு தரம் திரும்பி ஓடினீங்களா? ஏன் இத எனக்கு முந்தியே சொல்லல்ல?"

நான் "ஓ மகன், ஓடினேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் பழகிப்போன வேலை அது. அவளுடைய தைரியத்தை எடுத்துக்கொண்டது போதாமல், அவளுடைய பயத்தையும் எடுத்துக்கொண்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. நான் ஒரு தரம் ஓடினேன், திரும்பவில்லை. இதுதான் என் பங்கு. வெட்கத்தோடு ராத்தாவுக்குப் போன் போட்டு, "திரும்பவும் செஞ்சிட்டேன்" என்றேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். மச்சான் என்னவென்று கேட்கிற அளவுக்குச் சிரித்தாள். "உனக்கு வாயால ஏலாது தம்பி, நீ எழுது" என்றாள். "எழுதுறப்ப நான் பயப்படல்லண்டு மட்டும் எழுதிராத."

எழுதவில்லை ராத்தா. அவள் மிகவும் பயந்தாள், மகனே. வழியெல்லாம் அழுதாள்.

நீ இனி ஒரு விமான நிலையத்தில் வேலைக்கு நிற்கப்போகிறாய். உன் வேலை நடக்காமலே போகிற நாட்கள்தான் நிறைய இருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். ஆனால் ஒரு நாள் ஏதாவது நடந்தால் உனக்குக் கால் நடுங்கும். நடுங்கட்டும். கூட நிற்கிற ஒருவன் பின்னால் ஓடினால் அவனைக் கேவலமாகப் பார்க்காதே. அவன் திரும்பி வருவதற்கு வழி விட்டு நில். என்னை அன்றைக்கு யாராவது திட்டியிருந்தால் நான் இன்னும் ஆழமாக ஒளிந்திருப்பேன். ராத்தா திட்டவில்லை, போய் அவரோடு நில் என்றாள். நான் நின்றேன். அந்த ஒன்றைத்தான் நான் அன்றைக்கு உண்மையாகவே செய்தேன். பைலட்டின் கை என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஆட்கள் வரும்வரை நான் அசையவில்லை. வேறு ஒருவர் செய்ததற்கு யாராவது உன்னைத் தட்டிக்கொடுத்தால், அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே பெயரைச் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் ஒரு வருடம் தள்ளும். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, பயந்தீங்களா வாப்பா என்று கேட்டால், ஆமாம் என்று சொல். அவர்களுக்கு அது உதவும்.

நேற்று இதை உன் உம்மாவிடம் சொன்னேன். அவள், "பெருநாளைக்குப் பெருநாள் நீங்க கதை சொல்லத் தொடங்கினா உங்கட ராத்தா எழும்பித் தேத்தண்ணி ஊத்தப் போறது இதுக்குத்தானா" என்று கேட்டாள். பிறகு, "இனி அவங்க ஊத்த வேணாம், நீங்க ஊத்துங்க" என்றாள். அப்படியே செய்கிறேன் என்றேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இவ்வளவு இலகுவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இன்று காலை கடைக்கு வருகிற வழியில் எனக்கே தெரியாமல் சீட்டியடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். மகன் பாஸ் பண்ணிவிட்டான் என்றேன். அதுவும் உண்மைதானே.

அடுத்த கிழமை வைபவத்துக்கு ஆளுக்கு இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவார்கள் என்று சொன்னாய். உம்மாவும் மாமியும் வருவார்கள். மாமி புதிதாக ஒரு அபாயா தைக்கக் கொடுத்திருக்கிறாள், இன்னும் யாருக்கும் காட்டவில்லை. உன் அதிகாரிகள் இவர் யார் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு இப்போது தெரியும். நான் அவர்களை வான் வண்டியில் கூட்டிவந்து இறக்கிவிட்டு, வாசலுக்கு வெளியே, ரோட்டோரம் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் இருப்பேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. முடிந்ததும் அவர்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு அங்கே வா. உள்ளே என்ன நடந்தது என்று ஒன்றும் விடாமல் நீங்கள் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் வாப்பா